குட்நைட்டின் வண்டியும் அறுபது பேர் சாப்பாடும்

முதல் நாள்: டாலஸிலிருந்து கேன்யன் வரை

காலை ஆறு மணிக்கு டாலஸிலிருந்து கிளம்பினோம். 287ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் வடமேற்கே ஒரே போக்குதான். விசிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் மரங்கள் குறைந்தன. சில்ட்ரெஸ் தாண்டியபின் பார்க்குமிடமெல்லாம் வானமும் கம்பி வேலியும் மாடுகளும்தான்.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பத்துக்குக் கேன்யன் ஊர்ப் பக்கத்தில் மாட்டுப்பண்ணை இருக்கிறது. வசந்தகாலத்தில் ஒருநாள் கன்றுகளைப் பிடித்து ஊசி போட்டு, பண்ணையின் அடையாளச் சூடு வைப்பார்கள். அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் குதிரைகளோடு வந்து வேலை செய்வார்கள். யாருக்கும் கூலி கிடையாது. அவர்கள் பண்ணையில் வேலை நடக்கும்போது இவர்கள் போய்க் கைகொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். அந்தச் சாப்பாட்டை இந்தக் குடும்பம் இன்னும் சக் வேகன் என்ற பழைய சமையல் வண்டியில், திறந்தவெளியில், விறகு நெருப்பில்தான் சமைக்கிறது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஏப்ரலில்தான், "வாருங்கள், ஆனால் விருந்தாளியாக இல்லை, எடுபிடியாக" என்று பதில் வந்தது.

கிளாரண்டன் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குட்நைட் என்று ஒரு சிற்றூர். இறங்காமல் போக மனம் வரவில்லை. மாட்டுப்பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட் 1887இல் கட்டிய வீடு அங்கே பழுதுபார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சக் வேகனை உருவாக்கியவர் அவர்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன, வாங்க ஆளில்லை. விலை கிடைக்கும் இடங்களோ நூற்றுக்கணக்கான மைல் தொலைவில். 1866இல் குட்நைட்டும் ஆலிவர் லவிங்கும் சேர்ந்து சுமார் 2,000 மாடுகளை நியூ மெக்சிகோவில் உள்ள ஃபோர்ட் சம்னருக்கு ஓட்டிப் போனார்கள். அத்தனை நாள் பயணத்துக்குச் சேணப்பையில் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் உப்புக்கறியும் போதாது. குட்நைட் ராணுவம் கழித்துக்கட்டிய ஸ்டூடபேக்கர் வண்டி ஒன்றை வாங்கினார். போடார்க் என்ற மரத்தால் அதை மறுபடி கட்டினார். அந்த ஊர்ப் பழங்குடிகள் வில் செய்த மரம் அது, அவ்வளவு உறுதி. வண்டியின் பின்பக்கத்தில் இழுப்பறைகள் வைத்த ஒரு பெட்டியைப் பொருத்தினார். அதன் கதவைக் கீழே இறக்கி ஒரு காலை ஊன்றினால் அதுவே சமையல் மேடை. சாப்பாட்டுக்குக் கௌபாய்கள் சொன்ன வட்டாரச் சொல் 'சக்'. அதனால் அது சக் பெட்டி, வண்டி சக் வேகன்.

ஃபோர்ட் சம்னரில் அந்த மாடுகளை வாங்கியது ராணுவம். அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான நவஹோ பழங்குடி மக்களுக்குக் கொடுக்கத்தான் அந்த இறைச்சி தேவைப்பட்டது. இந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குட்நைட்டும் அவர் மனைவி மேரி ஆனும் அடக்கமாகியிருக்கிறார்கள். குட்நைட் இறந்தது 1929இல், 93 வயதில். கல்லறையைச் சுற்றியுள்ள வேலியில் வந்தவர்கள் தங்கள் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். வெளுத்த சிவப்பும் நீலமுமாக அவை காற்றில் படபடத்தன. நான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தேன். இருட்டும் நேரத்தில் கேன்யன் வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் நாள்: பாலோ டூரோவும் பீன்ஸும்

காலையில் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்குப் போனோம். தட்டையான சமவெளியில் ஓட்டிக்கொண்டே இருக்கிறோம், திடீரென்று தரை பிளந்து சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்கான பாறை. சுமார் 120 மைல் நீளம், 800 அடி ஆழம். பாலோ டூரோ என்றால் ஸ்பானிய மொழியில் 'கெட்டி மரம்' என்று அர்த்தம்.

உள்ளே அதிக நேரம் பேசாமலே நடந்தோம். 1874 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கென்சியின் படை இந்தப் பள்ளத்தாக்கில் தங்கியிருந்த கமாஞ்சி, கயோவா, செயன் பழங்குடி மக்களின் கூடாரங்களைத் தாக்கியது. பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். குதிரையும் இல்லை, பனிக்காலத்துக்குச் சேர்த்த உணவும் இல்லை என்றால் அந்த மக்கள் எங்கே போவார்கள்? அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்குத்தான் போனார்கள். இரண்டே வருடத்தில், 1876இல், குட்நைட் தன் மாடுகளோடு இதே பள்ளத்தாக்கில் இறங்கினார். நாளை நான் சமைக்கப்போகும் சாப்பாட்டின் கதையில் இதுவும் சேர்த்திதான். அழிந்துகொண்டிருந்த காட்டெருமைகளின் சில கன்றுகளை மேரி ஆன் வளர்க்கச் சொல்லி, அந்த வம்சம் இன்றும் கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

மதியம் பண்ணைக்குப் போனோம். சமையல்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரைக் குக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய தாத்தா மெக்சிகோவிலிருந்து வந்து பண்ணைகளில் சமைத்தவராம். பழைய நாளில் வண்டிச் சமையல்காரரைக் கூசி என்றும் சொல்வார்கள், ஸ்பானிய மொழியில் சமையல்காரரைக் குறிக்கும் கொசினெரோவிலிருந்து வந்தது. மாட்டுப்பாதைகளில் வேலை செய்தவர்களில் கறுப்பின மக்களும் மெக்சிகோக்காரர்களும் நிறைய. மெக்சிகோக்காரர்களின் தடம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

முதலில் வண்டியைச் சுற்றிக் காட்டினார். பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய். இன்னொரு பக்கம் காப்பிக்கொட்டை அரைக்கும் கையரவை. வண்டியின் அடிவயிற்றில் தொட்டில் மாதிரி ஒரு மாட்டுத்தோல் தொங்கியது. போகும் வழியில் கிடைக்கும் சுள்ளியை எல்லாம் அதில் போட்டுக்கொண்டே போவார்கள். மரமே இல்லாத சமவெளியில் காய்ந்த சாணம்தான் விறகு. நம் ஊர் வறட்டி போலத் தட்டி வைத்ததில்லை, வெயிலில் தானே காய்ந்தது.

சக் பெட்டியைத் திறந்தார். மாவு, சர்க்கரை, உப்பு, காய்ந்த பழம், தகரத் தட்டுகள், கத்திகள், மருந்துக்கென்று ஓர் அறை. "கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுங்கள் பார்ப்போம் மேம்" என்றார். என்னால் முடியவில்லை. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். விடியுமுன் இருட்டில், தூசிக்காற்றில் சமைக்கிற ஆளுக்காகச் செய்த பெட்டி இது. எந்தப் பொருளும் ஒரே இடத்தில்தான் இருக்கும், எடுத்தால் அங்கேயே திரும்ப வைக்க வேண்டும். எனக்கு இந்த வண்டியின் மேல் உள்ள மதிப்புக்கு இதுதான் காரணம். இதில் சமைத்த உணவு எல்லாமே சாதாரணம்: பீன்ஸ், ரொட்டி, மாட்டிறைச்சி, காப்பி. மாதக்கணக்கில், தினமும், நகர்ந்துகொண்டே, யாரும் பட்டினி கிடக்காமல் அதைக் கொடுத்ததுதான் பெரிய காரியம். டெக்சஸ் 2005இல் சக் வேகனைத் தன் அதிகாரபூர்வ மாநில வாகனமாக அறிவித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சாயங்காலம் முழுக்க முன்வேலை. மூன்றரை கிலோ பின்டோ பீன்ஸை மேடையில் கொட்டிக் கல் பொறுக்கினோம். அப்புறம் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்தோம். இந்த இடம் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. தண்ணீர் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் பீன்ஸ் வேக நேரம் எடுக்கும். ஊறவைப்பதை மறந்தால் மறுநாள் மதியம் சாப்பாடு கிடையாது.

அடுத்து புளித்த மாவு. ஒரு மண்ஜாடியில் பழைய மாவு, நம் தோசைமாவு மாதிரி பொங்கி நுரைத்து, கொஞ்சம் பழ வாசனையோடு. மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து, நாளைக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கினோம். குளிர் இரவுகளில் பழைய சமையல்காரர்கள் இந்த மாவுப் பீப்பாயைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். மாவு செத்துவிட்டால் அடுத்த ஊர்வரை ரொட்டி இல்லையே. நேற்று இரவு குளிர் இரண்டு டிகிரி. அதனால் இன்று குக்கி ஜாடியைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குள் எடுத்துப் போனார்.

என் கணவர் சைவம். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு போடுவதுதான் இங்கே வழக்கம். குக்கி கேட்டுவிட்டு, "அப்படியா, ஒரு சிறிய சட்டியில் தனியாக வைத்துவிடலாம்" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்தார்.

கிளம்புமுன் வண்டியின் முன்னால் நீளும் ஏர்க்காலை வடக்கு நட்சத்திரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார். திசை தெரிய, மாட்டுப்பாதையில் ஒவ்வோர் இரவும் செய்தது. இப்போது தேவையில்லைதான், ஆனாலும் அவர் விடுவதில்லை. நாளை மூன்றரை மணிக்கு எழ வேண்டும்.

மூன்றாம் நாள்: சமையல்

இரவு பதினொரு மணி. கையெல்லாம் புகை வாசனை, தோள் வலிக்கிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு நெருப்பு மூட்டினோம். முழங்கால் ஆழத்துக்கு நீளமாக ஒரு குழி, சுற்றிலும் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிய இடம், பக்கத்தில் இரண்டு பீப்பாய்த் தண்ணீர், மண்வெட்டி. 2024 பிப்ரவரியில் இந்தப் பகுதியில் ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் என்ற காட்டுத்தீ பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்தது, டெக்சஸ் வரலாற்றிலேயே பெரியது. அதனால் நெருப்பைப் பற்றி இங்கே யாரும் அசட்டையாக இருப்பதில்லை. தீமூட்டத் தடை இல்லையென்று நேற்றே விசாரித்து உறுதி செய்துகொண்டார்கள்.

விறகு மெஸ்கீட். கட்டையைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது: முள், நெற்று, பட்டையின் நிறம், எல்லாம் நம் சீமைக் கருவேலம்! விசாரித்தால் இரண்டும் ஒரே பேரினத்து மரங்கள், புரோசோபிஸ். நம் ஊரில் இருப்பதும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இராமநாதபுரத்துக் கரிமூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் தணல் எப்படி நின்று எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீ நாக்கில் இங்கே எதுவும் சமைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டு, சிவந்த தணலை மண்வெட்டியால் வாரி, வேண்டிய இடத்தில் பரப்பித்தான் சமையல்.

பாத்திரம் டச் ஓவன். மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி, மூடிக்கு விளிம்பு உயர்ந்திருக்கும். கீழே தணல், மூடி மேலேயும் தணல். வெந்நீர் வைப்பது, குழம்பு வைப்பது என்றால் கீழ்ச்சூடு போதும். ரொட்டி சுட வேண்டுமென்றால் மேலே மூன்றில் இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு.

முதல் வேலை காப்பி. பெரிய எனாமல் கெண்டியில் தண்ணீர் கொதித்ததும் பொடியை அப்படியே கொட்டி, இறக்கி, ஒரு குவளை பச்சைத் தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் தங்கிவிடும். அந்தக் காலத்தில் மாட்டுப்பாதை முழுக்க ஆர்பக்கிள்ஸ் காப்பிதான். பிட்ஸ்பர்கில் கொட்டையை வறுத்து, முட்டையும் சர்க்கரையும் பூசி மணம் போகாமல் பையில் அடைத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும். "மிட்டாய் யாருக்கு வேண்டும்?" என்று சமையல்காரர் குரல் கொடுத்தால், முரட்டுக் கௌபாய்கள் காப்பிக்கொட்டை அரைக்கப் போட்டி போடுவார்களாம். குக்கி இன்றைக்கும் ஒரு மிட்டாய் வைத்திருந்தார். பண்ணைக்காரரின் எட்டு வயதுப் பேத்தி அரைத்து அதை வாங்கிக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பீன்ஸ் ஏறியது. பெரிய சட்டிகளில் உப்புக்கொழுப்பு, வெங்காயம், காய்ந்த சிவப்பு மிளகாய். சிறிய சட்டியில் கொழுப்புக்குப் பதில் எண்ணெயும் கூடுதலாகப் பூண்டும். தண்ணீர் வற்றினால் கொதிக்கிற நீரையே விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் தோல் விறைத்துக்கொள்ளும் என்றார். சரியா தப்பா என்று கேட்கவில்லை, விட்டேன்.

ஏழு மணிக்கு இறைச்சி. பதினாறு கிலோ மாட்டின் தோள்கறி, உள்ளங்கை அளவுத் துண்டுகள். உப்பு, மிளகுத்தூள் மட்டும் தடவி, கொழுப்பில் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்தோம். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் தண்ணீர் விட்டு வெளுத்துப்போகும், அதனால் தவணை தவணையாக. இதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் வெங்காயம், காலையில் மிஞ்சிய காப்பி, தண்ணீர். மூடி போட்டு, கொஞ்சமே கொஞ்சம் தணலில் நாலு மணி நேரம். பதினோரு கிலோ உருளைக்கிழங்கு வெட்டியது நானும் இன்னும் இரண்டு பேரும்.

ஒன்பது மணிக்கு மேல் காற்று பிடித்துக்கொண்டது. காற்று வருகிற பக்கத்துத் தணல் வேகமாக எரியும், சட்டியின் அந்தப் பக்கம் தீய்ந்துவிடும். அதனால் கால்மணிக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புக் கொக்கியால் மூடியைத் தூக்கும்போது சாம்பல் உள்ளே விழாமல் எடுக்கப் பழகவே எனக்குப் பாதிக் காலை ஆனது.

ரொட்டி பிஸ்கட் அளவில் சின்னது, ஆளுக்கு இரண்டு, 120 வேண்டும். மூன்று கிலோ மாவு பிசைந்தோம். ஒரு சட்டிக்கு இருபது, ஆறு சட்டி. முதல் சட்டியை என்னிடம் விட்டார். மூடி மேல் உள்ள தணல் போதாதோ என்ற பயத்தில் கீழேயும் ஒரு வாரு அதிகம் தள்ளினேன். பத்து நிமிடத்தில் அடி முழுக்கக் கரி. இருபதும் வீண். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அறுபது பேர் சாப்பாடு இல்லையா. குக்கி ஒன்றை எடுத்து அடியை வெட்டிவிட்டு மேல்பாதியைச் சாப்பிட்டார். "மேல் வெந்திருக்கிறது. உங்கள் மேல்சூடு சரி, கீழே பாதியை எடுத்துவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். மாவு கூடுதலாகவே பிசைந்து வைத்திருந்தார், முதல் சட்டி போய்விடும் என்று தெரிந்தே. அடுத்த ஐந்து சட்டிகளும் ஏழாவதும் பொன்னிறமாக வந்தன. அந்த ஏழாவது சட்டியைத் திறந்தபோது எழுந்த புளித்த மணத்தை நான் மறக்கமாட்டேன்.

கடைசியாக இனிப்பு. காய்ந்த பீச் பழத்தை ஊறவைத்துச் சர்க்கரை, பட்டைத்தூளோடு வேகவிட்டு, மேலே மாவு மூடி மூன்று சட்டியில் சுட்டோம்.

பன்னிரண்டரைக்கு இரும்பு முக்கோணத்தை அடித்தார். ஆட்கள் கொட்டடியிலிருந்து குதிரைகளோடு வந்தார்கள், ஆனால் ஒருவர்கூட நேரே வரவில்லை. காற்று எங்களிடமிருந்து அவர்கள் பக்கம் வீசும் திசையாகப் பார்த்துச் சுற்றி வந்தார்கள். குளம்புத் தூசி சட்டியில் விழக்கூடாது. வண்டிச் சக்கரத்தில் யாரும் குதிரையைக் கட்டவில்லை. சமையல் மேடையில் தட்டை வைக்கவில்லை, அது சமையல்காரரின் இடம். கூப்பிடாமல் நெருப்புக்கும் வண்டிக்கும் நடுவே யாரும் நுழையவில்லை. இவை எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. பத்து வயதுப் பையன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றான்.

இன்னொரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காப்பி எடுக்க எழுந்தவரைப் பார்த்து யாராவது "மேன் அட் த பாட்!" என்று கத்திவிட்டால், அவர் கெண்டியோடு எல்லோரிடமும் போய் ஊற்றிவிட்டுத்தான் உட்காரலாம். பண்ணைக்காரரே இன்று மாட்டிக்கொண்டார். நாற்பது குவளைக்காவது ஊற்றியிருப்பார்.

இறைச்சி கரண்டி பட்டதும் நார்நாராகப் பிரிந்தது. மிளகும் காப்பிக் கசப்பும் வெங்காயத்தின் இனிப்பும் சேர்ந்த கருத்த சாறு, அதை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுகிறார்கள். பூண்டு போட்ட சிறிய பீன்ஸ் சட்டிக்கு என் கணவர் தவிர இன்னும் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். அவருக்கு இரண்டாம் முறை கிடைக்கவில்லை.

தட்டுகளைச் சாப்பிட்டவர்களே கொண்டுவந்து பெரிய தொட்டியில் போட்டார்கள். கடைசி ரொட்டி ஒன்று சட்டியில் கிடந்தது, எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று தெரியாமல் அதை யாரும் தொடவில்லை. குக்கி இன்னும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் போட்டுக் கொடுத்தேன். இறக்கி வைத்த மேடையின் ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டார், அந்தக் கடைசி ரொட்டியோடு.

நான்காம் நாள்: திரும்புதல்

காலையில் சட்டிகளைக் கழுவினோம். சோப்பு கிடையாது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, நெருப்பில் காயவைத்து, சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவி வைத்தோம். சக் பெட்டியை நான்தான் அடுக்கினேன். முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுத்தேன். சர்க்கரைக்குப் பக்கத்து அறை, கைக்கு நேரே வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு சிறிய பாட்டிலில் புளித்த மாவு கொடுத்தார். மூடியை இறுக்கக்கூடாது, வெடித்துவிடும் என்று இரண்டு முறை சொன்னார்.

நெருப்புக் குழியில் நேற்று இரவே தண்ணீர் ஊற்றியிருந்தோம். அவர் மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, மறுபடி கிளறினார். எங்கள் காரை எடுத்துவிட்டோம், வாசல்வரை வந்தும் விட்டோம். திரும்பிப் பார்த்தால் அவர் மண்டியிட்டுப் புறங்கையைச் சாம்பலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில் என்னமோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், எழுந்துபோய் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார்.